சினைப்பை நீர்க்கட்டி: காத்திருப்பதா, மாத்திரையா, அறுவை சிகிச்சையா?

வயிற்று வலிக்காகவோ மாதவிடாய் தள்ளிப்போனதற்காகவோ ஸ்கேன் எடுக்கப் போன பெண், "வலது சினைப்பையில் 4.6 செ.மீ. நீர்க்கட்டி" என்ற ஒரு வரியோடு வீடு திரும்புகிறாள். அன்று இரவே வீட்டில் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. வயிற்றில் கட்டியை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா, உடனே எடுத்துவிடலாம் என்கிறது ஒரு பக்கம். கத்தி வைத்தால் நாளைக்குக் குழந்தை தங்காது, கழற்சிக்காய்ப் பொடி சாப்பிட்டால் கரைந்துவிடும் என்கிறது மறுபக்கம். இரண்டு பக்கமும் பார்ப்பது அந்த 4.6 என்ற எண்ணை மட்டும். முடிவெடுக்க அது போதாது. கட்டி எந்த வகை, பெண்ணின் வயது என்ன, வலி இருக்கிறதா, இனிக் குழந்தை வேண்டுமா என்பதையும் அளவோடு சேர்த்துப் பார்த்த பிறகுதான் எந்த வழி நல்லது என்று பேசவே முடியும்.

முதலில் கட்டி எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம். மாதவிடாய் உள்ள பெண்ணின் சினைப்பையில் மாதந்தோறும் ஒரு நீர்ப்பை வளர்கிறது. அதற்குள்தான் கருமுட்டை இருக்கிறது. 2 முதல் 2.5 செ.மீ. வரை வளர்ந்ததும் பை வெடித்து முட்டை வெளியேறுகிறது. சில மாதங்களில் அது வெடிக்காமல் வளர்ந்துகொண்டே போகும். வெடித்த பிறகு எஞ்சும் பை சுருங்காமல் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. அதற்குள் சிறிது ரத்தம் கசிந்தால் ரத்தக்கட்டி என்று அறிக்கையில் வரும். இவை எல்லாமே உடலின் மாதாந்தர வேலையில் நேரும் சிறு பிசகுகள். பெரும்பாலானவை இரண்டு மூன்று மாதவிடாய்ச் சுற்றுகளுக்குள் தாமாகவே மறைகின்றன. மாதவிடாய் முற்றாக நின்றுபோகும் கட்டத்தை எட்டாத பெண்ணுக்கு 3 செ.மீ.க்குள் உள்ள சாதாரண நீர்ப்பையை மருத்துவர்கள் கட்டி என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

தாமாகக் கரையாத வகைகள் வேறு. டெர்மாய்டு கட்டிக்குள் கொழுப்பும் முடியும், சில நேரம் பல்லும்கூட இருக்கும். கர்ப்பப்பையின் உட்சுவர்த் திசு போன்ற திசு சினைப்பையில் தங்கி மாதந்தோறும் ரத்தம் கசிய, அது பழுப்பாகக் குழம்பிச் சேர்வது சாக்லேட் கட்டி. சினைப்பையின் மேற்பரப்பிலிருந்து வளரும் சிஸ்ட்அடினோமா வயிறு முழுவதையும் நிரப்பும் அளவுக்குக்கூடப் பெருக்கும். இவை மூன்றும் புற்றுநோய் அல்ல.

பிசிஓஎஸ் என்பதையும் மக்கள் நீர்க்கட்டி என்றே சொல்கிறார்கள். அதில் ஸ்கேனில் தெரிபவை 2 முதல் 9 மி.மீ. வரையுள்ள, முதிராத முட்டைப் பைகள். ஹார்மோன் கோளாறான அதற்கு உரிய சிகிச்சை வேறு. அவற்றை ஒவ்வொன்றாக எடுப்பது என்ற பேச்சே கிடையாது. உங்கள் அறிக்கை இதைச் சொல்கிறது என்றால், இக்கட்டுரையில் உள்ள தெரிவுகள் உங்களுக்குப் பொருந்தாது.

அறிக்கையில் எதைப் படிப்பது?

சென்டிமீட்டரைத் தேடும் கண் அடுத்த சொற்களுக்கும் போகட்டும். "சிம்பிள்", "தின் வால்", "அனெக்கோயிக்" என்று இருந்தால் மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர் என்று பொருள். பெரும்பாலும் பயமில்லை. "செப்டா" என்றால் உள்ளே தடுப்புச் சுவர்கள் உள்ளன. மெல்லிய தடுப்பு ஒன்றிரண்டு இருப்பது பெரிய கவலைக்குரியது அல்ல. "சாலிட்" என்று திடப்பகுதி, "பாப்பில்லரி" என்று உட்சுவரில் மொட்டுப் போன்ற வளர்ச்சி, அந்தத் திடப்பகுதிக்குள் ரத்த ஓட்டம், வயிற்றுக்குள் நீர் கோத்திருப்பது ஆகியவைதான் மருத்துவரை நிமிர்ந்து உட்காரவைக்கும் சொற்கள். திடப்பகுதியும் அதற்குள் ரத்த ஓட்டமும் உள்ள 3 செ.மீ. கட்டி, தெளிந்த நீர் மட்டுமே உள்ள 7 செ.மீ. கட்டியைவிடக் கவலைக்குரியது.

பல ஸ்கேன் மையங்கள் இப்போது கடைசி வரியில் "ஓ-ராட்ஸ்" என்று ஓர் எண்ணும் தருகின்றன. 2 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. 3 என்றால் 1 முதல் 10 வரை, 4 என்றால் 10 முதல் 50 வரை, 5 என்றால் 50 விழுக்காடும் அதற்கு மேலும். அந்த எண் இல்லாத அறிக்கையாக இருந்தால், ஸ்கேன் செய்த மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கலாம். அளவைவிட முடிவெடுக்கப் பயன்படும் தகவல் அது.

மணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேலிருந்து மட்டும் ஸ்கேன் எடுப்பது நம் ஊர் வழக்கம். சிறுநீர்ப்பை நன்றாக நிறையாவிட்டால் அந்தப் படம் மங்கலாகத்தான் வரும். மங்கலான படத்தை வைத்து அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதைவிட, மாதவிடாய் முடிந்த அடுத்த சில நாட்களில் தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு மறுபடி எடுப்பது நல்லது. அப்போதும் தெளிவில்லை என்றால் எம்ஆர்ஐ இருக்கிறது.

காத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான்

"ஒன்றும் செய்ய வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று மருத்துவர் சொன்னால், தன்னைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டார் என்றே பலர் நினைக்கிறார்கள். அடுத்த தெருவில் உள்ள மருத்துவமனைக்குப் போய் அங்கே அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். வலி இல்லாத இளம்பெண்ணின் சாதாரண நீர்க்கட்டிக்கு உலகெங்கும் முதல் தெரிவு காத்திருப்பதுதான். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு 5 செ.மீ.க்குக் குறைந்த சாதாரண நீர்க்கட்டிக்கு மறு ஸ்கேன்கூடத் தேவையில்லை. 5 முதல் 7 செ.மீ. வரை என்றால் ஆண்டுக்கு ஒரு ஸ்கேன். 7 செ.மீ.க்கு மேல் போனால் எம்ஆர்ஐ அல்லது அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாம். நம் ஊர் மருத்துவர்கள் பலர் இதைவிடச் சற்று நெருக்கமாக, 6 முதல் 12 வாரத்தில் ஒரு மறு ஸ்கேன் பார்க்கிறார்கள். முதல் அறிக்கையே மங்கலாக இருக்கும்போது அது நியாயமான எச்சரிக்கை.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல விடை ஒன்று இருக்கிறது. ஆபத்தில்லாதவை என்று ஸ்கேனில் மதிப்பிடப்பட்ட கட்டிகளோடு 1,919 பெண்களை அறுவை சிகிச்சை இல்லாமல் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு, 2019இல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஐந்தில் ஒருவருக்குக் கட்டி தானாக மறைந்தது. டெர்மாய்டு, சாக்லேட் கட்டி போன்ற மறையாத வகைகளும் அதில் அடக்கம் என்பதால் இந்த விகிதம் குறைவாகத் தெரிகிறது. நமக்கு முக்கியமானவை மற்ற எண்கள்: சினைப்பை முறுக்கிக்கொண்டது 0.4 விழுக்காட்டினருக்கு, கட்டி உடைந்தது 0.2 விழுக்காட்டினருக்கு, பரவும் புற்றுநோயாகத் தெரியவந்ததும் 0.4 விழுக்காட்டினருக்கே. "விட்டால் வெடித்துவிடும்" என்ற பேச்சை இந்த எண்களோடு வைத்து எடைபோட வேண்டும்.

ஆனால் காத்திருப்பவர்கள் ஓர் ஆபத்தைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கட்டியின் பாரத்தால் சினைப்பை தன் காம்பிலேயே முறுக்கிக்கொண்டால் அதற்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். திடீரென்று ஒரு பக்க அடிவயிற்றில் தாங்க முடியாத வலி, கூடவே குமட்டலும் வாந்தியும் வரும். வலி விட்டுவிட்டும் வரலாம். இரவானாலும் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும், வாயுத்தொல்லை என்று ஓமத்தண்ணீர் குடித்துப் படுத்துவிடக் கூடாது. சில மணி நேரத்தில் முறுக்கை அவிழ்த்தால் சினைப்பையைக் காப்பாற்றிவிடலாம். கறுத்து நீலம் பாரித்திருக்கும் சினைப்பைகூட அவிழ்த்த பிறகு பல நேரம் பிழைத்துக்கொள்கிறது. ஆகவே அந்த அவசரத்திலும் "எடுக்காமல் அவிழ்த்துப் பார்க்க முடியுமா" என்று வீட்டார் கேட்கலாம். காய்ச்சல், மயக்கம், தலைசுற்றலோடு வரும் வலிக்கும் இதே அவசரம் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடும் பெண்ணுக்குக் கட்டி உடைந்து ரத்தம் கசிந்தால் அது எளிதில் நிற்காது. அவர் தம் மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

மாத்திரைகளும் பொடிகளும்

கருத்தடை மாத்திரையை மூன்று மாதம் எழுதித் தருவது பழைய பழக்கம். இருக்கும் கட்டியை அது சீக்கிரம் கரைக்கிறதா என்று எட்டு ஆய்வுகளை, மொத்தம் 686 பெண்களின் விவரங்களை, காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் கட்டி மறைந்த வேகத்தில் வேறுபாடு இல்லை. கருமுட்டை வெளியாவதை மாத்திரை தடுப்பதால் புதிய கட்டிகள் வருவது குறையலாம். திரும்பத் திரும்ப வலியோடு கட்டி வரும் பெண்ணுக்கு அது உதவும். ஏற்கனவே இருக்கும் கட்டிக்கு மருந்தாக நினைத்து வாங்குவதில் பலனில்லை. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தவர்கள், ஒற்றைத் தலைவலியோடு கண் முன்னே ஒளி மின்னும் தொல்லை உள்ளவர்கள், 35 வயதைத் தாண்டிய புகைப்பவர்கள் ஆகியோருக்கு இந்த மாத்திரை ஆபத்தானதும்கூட.

சாக்லேட் கட்டியின் கதை வேறு. அங்கே டைனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரைகள் மாதாந்தர ரத்தக் கசிவை அடக்கி வலியைக் குறைக்கின்றன, கட்டியைச் சற்றுச் சுருக்கவும் செய்கின்றன. நிறுத்தினால் பெரும்பாலும் தொல்லை திரும்பும். இந்த மாத்திரை சாப்பிடும் காலத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதால், குழந்தைக்காகக் காத்திருப்பவருக்கு இது தற்காலிக நிம்மதி மட்டுமே தரும்.

கழற்சிக்காய், ஆளி விதை, எந்தெந்தக் கஷாயமோ குடித்து மூன்றே மாதத்தில் கட்டி போய்விட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. கட்டி உண்மையாகவே போயிருக்கும். தானாகவே மூன்று மாதத்தில் மறையக்கூடிய ஒன்றுக்கு அந்த மூன்று மாதம் எதைச் சாப்பிட்டாலும் பெயர் அதற்குத்தான் போகும். டெர்மாய்டு கட்டிக்குள் இருக்கும் முடியையும் பல்லையும் எந்தப் பொடியும் கரைக்காது. திடப்பகுதி உள்ள கட்டிக்கு இதை நம்பி ஆறு மாதம் ஓட்டுவதுதான் உண்மையான இழப்பு.

ஊசியால் நீரை உறிஞ்சி எடுப்பது எளிய வழியாகத் தோன்றும். சாதாரண நீர்க்கட்டிகளில் அது சும்மா காத்திருப்பதைவிட நல்ல பலன் தரவில்லை. கட்டியின் சுவர் உள்ளேயே இருப்பதால் மறுபடியும் நீர் சேர்கிறது. புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள கட்டியில் ஊசி குத்தவே கூடாது. குத்தினால் உள்ளே இருப்பது வயிற்றுக்குள் சிந்திப் பரவும்.

அறுவை சிகிச்சை என்றால் எவ்வளவு?

கட்டி தொடர்ந்து வளர்கிறது, வலி வாழ்க்கையைக் குலைக்கிறது, 7 செ.மீ.யைத் தாண்டிவிட்டது, ஸ்கேனில் சந்தேகம் இருக்கிறது, முறுக்கிக்கொண்டது: இவற்றில் ஏதாவது இருந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். அதன் பிறகு கேட்க வேண்டிய கேள்வி, எதை எடுக்கப்போகிறார்கள், எதை விட்டுவைக்கப்போகிறார்கள் என்பதுதான். பெண்கள் அதிகம் இழப்பது இந்தக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போடும்போது.

சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியா, வயிற்றைத் திறப்பதா என்பதில் பெரிய குழப்பம் இல்லை. புற்றுநோய்ச் சந்தேகம் இல்லாத கட்டிக்கு லேப்ராஸ்கோப்பியில் வலியும் சிக்கல்களும் குறைவு, மருத்துவமனையில் தங்கும் நாட்களும் குறைவு. ஓரிரு வாரத்தில் வழக்கமான வேலைக்குத் திரும்பலாம். வயிற்றைத் திறந்தால் நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மிகப் பெரிய கட்டிக்கும் சந்தேகத்துக்குரிய கட்டிக்கும் திறப்பதே பாதுகாப்பு, ஏனென்றால் உடையாமல் முழுதாக வெளியே வர வேண்டும். உலகில் பதிவான முதல் வெற்றிகரமான சினைப்பை அறுவை சிகிச்சை 1809இல் அமெரிக்காவின் கென்டக்கியில் நடந்தது. எஃப்ரைம் மெக்டவல் என்ற மருத்துவர், மயக்க மருந்தே இல்லாத அந்தக் காலத்தில், ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண்ணின் வயிற்றிலிருந்து சுமார் 10 கிலோ கட்டியை எடுத்தார். அந்த அம்மையார் அதன்பின் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

இனிக் கட்டியை மட்டும் உரித்தெடுப்பதா, சினைப்பையோடு எடுப்பதா என்பது. உரித்தெடுக்கும் முறையில் சினைப்பையின் மேல்தோலை மெல்லக் கீறி, கட்டியின் சுவருக்கும் நல்ல திசுவுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பிடித்து, இரண்டு கிடுக்கிகளால் எதிரெதிர்ப் பக்கம் இழுத்துப் பிரிப்பார்கள். எடுத்த கட்டியை வயிற்றுக்குள்ளேயே ஒரு பைக்குள் போட்டு, சிறு துளை வழியாக வெளியே கொண்டுவருவார்கள். டெர்மாய்டு கட்டியில் இந்தப் பை மிக முக்கியம், அதன் கொழுப்பு வயிற்றுக்குள் சிந்தினால் எரிச்சலும் ஒட்டுதலும் வரும். சினைப்பை தங்கிவிடும், கருமுட்டைகளில் பெரும்பகுதியும் தங்கும். கட்டி மறுபடி வரக்கூடும் என்பது இதன் குறை. சினைப்பையோடு எடுத்தால் அந்தப் பக்கம் மறுபடி வராது. ஒரு சினைப்பை போனாலும் மற்றது மாதந்தோறும் வேலை செய்யும், கருத்தரிக்கவும் முடியும். மாதவிடாய் நிற்பது ஓராண்டு அளவுக்கு முந்தலாம். 40 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு, சந்தேகம் இல்லாத கட்டி என்றால், உரித்தெடுப்பதையே கேட்டுப் பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாவற்றிலும் கடினமான முடிவு சாக்லேட் கட்டியில்தான் வருகிறது. அங்கே கட்டியின் சுவர் நல்ல திசுவோடு ஒட்டிக்கிடப்பதால், உரிக்கும்போது கருமுட்டைகளும் சேர்ந்து போகின்றன. ரத்தக் கசிவை நிறுத்த மின்சூடு வைத்தால் சேதம் இன்னும் கூடும், தையலால் நிறுத்தினால் குறையும். உரிக்காமல் நீரை மட்டும் வடித்தால் கட்டி திரும்புகிறது. வலிக்கு அறுவை சிகிச்சை நல்ல பலன் தரும். ஆனால் சோதனைக்குழாய் முறையில் குழந்தைக்கு முயல்பவருக்கு, அதற்கு முன்னால் வழக்கமாகச் சாக்லேட் கட்டியை எடுப்பதால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுவதில்லை என்பதால், அப்படிச் செய்ய வேண்டாம் என்கிறது ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவச் சங்கம் 2022இல் தந்த வழிகாட்டுதல். ஆகவே குழந்தை வேண்டும் பெண், கத்திக்கு முன்னால் ஏஎம்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை செய்து முட்டை இருப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் கட்டி இருந்தால், அல்லது இது இரண்டாவது அறுவை சிகிச்சை என்றால், கருத்தரிப்பு மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு நாள் குறிப்பதே சரி. டெர்மாய்டுக்கு இவ்வளவு நெருக்கடி இல்லை. அது ஆண்டுக்குச் சராசரியாக 2 மி.மீ. அளவுக்கே வளர்கிறது. சிறியதாக இருந்தால், படிப்பையோ பிரசவத்தையோ முடித்துவிட்டுக்கூட எடுக்கலாம்.

"அப்படியே கர்ப்பப்பையையும் எடுத்துவிடலாமே, பிள்ளைகள் பிறந்தாயிற்றே" என்ற யோசனை வந்தால் அங்கே நிறுத்துங்கள். சாதாரணக் கட்டி சினைப்பையில் இருக்கிறது. கர்ப்பப்பையை எடுப்பதால் அது குணமாவதில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் சுமார் 3 விழுக்காட்டினர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள். ஆந்திரத்தில் அது 9 விழுக்காட்டை நெருங்குகிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலருக்கு இளம் வயதிலேயே கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது 2019இல் நாடெங்கும் பேசப்பட்டது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 45 வயதுக்கு முன் இரண்டு சினைப்பைகளும் போனால் எலும்பு தேய்வதும் இதயநோய் வருவதும் கூடுகின்றன. இந்த விலையைச் சொல்லாமல் வாங்கும் சம்மதம் சம்மதமே அல்ல.

மாதவிடாய் நின்ற பிறகு

இங்கே கணக்கு மாறுகிறது. முட்டை வளராத வயதில் புதிதாகத் தெரியும் கட்டியைச் சந்தேகத்தோடுதான் அணுக வேண்டும். ஆனாலும் 5 செ.மீ.க்குள், ஒரே பக்கம், தெளிந்த நீர், சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால், நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, ஓராண்டில் மாற்றம் இல்லையென்றால் விட்டுவிடலாம் என்பதே 2016இல் ராயல் கல்லூரி தந்த வழிகாட்டுதல்.

சிஏ-125 அளவு 35க்குக் கீழ் என்றால் சரி என்று ஆய்வகத் தாளில் அச்சிட்டிருப்பார்கள். இளம்பெண்களுக்கு அது மாதவிடாயின்போதே ஏறும். சாக்லேட் கட்டியில் ஏறும், நம் நாட்டில் இன்னும் குறையாத வயிற்றுக் காசநோயில் பல நூறு வரை போகும். தனியாக அந்த எண்ணைப் பார்த்து அழுவதில் அர்த்தமில்லை. மாதவிடாய் நின்றவர்களுக்கு மருத்துவர்கள் அதை ஸ்கேனோடு பெருக்கிப் பார்க்கிறார்கள். மாதவிடாய் நின்றிருந்தால் 3 மதிப்பெண். ஸ்கேனில் பல அறைகள், திடப்பகுதி, இரு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், பரவல் ஆகிய ஐந்தில் எதுவும் இல்லையென்றால் 0, ஒன்று இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. இந்த இரண்டையும் சிஏ-125 அளவோடு பெருக்க வேண்டும். சிஏ-125 வெறும் 30 உள்ள ஓர் அம்மாவுக்குத் திடப்பகுதியும் பல அறைகளும் இருந்தால் 3 × 3 × 30, அதாவது 270. 200ஐத் தாண்டினால் அவரை அனுப்ப வேண்டிய இடம் புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணரிடம்தான். "ரத்தப் பரிசோதனை நார்மல்" என்று ஊர் மருத்துவமனையில் கட்டியை உடைத்தெடுத்து, பிறகு பயாப்சியில் புற்றுநோய் என்று தெரியவந்தால், முதல் நிலையிலேயே முடிந்திருக்க வேண்டிய நோய் சிந்திப் பரவியதாக ஆகிவிடும். சந்தேகம் இருந்தால் அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடத்துக்கு முதலிலேயே போவது நல்லது. சந்தேகம் இல்லாமல் இரண்டாவது கருத்து மட்டும் வேண்டும் என்றால், எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையோ அருகில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ போதும்.

அறிகுறி எதுவும் இல்லாத பெண்கள் ஆண்டுதோறும் சிஏ-125 பார்ப்பதால் உயிரிழப்பு குறையவில்லை என்பதும் தெரிந்திருக்கிறது. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வின் இறுதி முடிவு 2021இல் அதைத்தான் சொன்னது. "முழு உடல் பரிசோதனை" தொகுப்பில் அந்தச் சோதனையைச் சேர்த்து விற்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

அறுவை சிகிச்சை எதுவானாலும், எடுத்த திசு பயாப்சிக்குப் போனதா என்று கேளுங்கள். முடிவு வர ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். தையல் பிரித்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று அந்தத் தாளை வாங்காமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அதில் "பார்டர்லைன்" என்ற சொல் இருந்தால், அதாவது சாதாரணக் கட்டிக்கும் புற்றுநோய்க்கும் இடைப்பட்டது என்றால், அந்த வாரமே புற்றுநோய் நிபுணரைப் பார்க்க வேண்டும். சாக்லேட் கட்டி என்று உறுதியானால், உடனே குழந்தைக்கு முயலாதவர்கள் கட்டி திரும்பாமல் இருக்க ஹார்மோன் மாத்திரையைத் தொடர்வது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.